இருமலுக்கு மூடாத முகம்

மச்சி,

இன்று காலை அச்சாறு போடலாமென்று வினாகிரிப் போத்தலைத் திறந்தேன். மூடி கழன்றதுதான் தாமதம், நீ வந்து பக்கத்தில் நின்றுவிட்டாய். மற்றவர்களுக்கு வினாகிரி என்றால் வெங்காயமும் பச்சை மிளகாயும் ஞாபகம் வரும். எனக்கு உன் வீட்டு நெல் அறை, ஜன்னலை அடைத்துத் தொங்கிய இரண்டு பாய்கள், கும்மிருட்டில் உன் மூச்சு, "கைய எடுத்துராத புள்ள, இன்னம் ஆகல்ல" என்ற உன் அதட்டல். வெங்காயத்தை அரிந்தது அரிந்தபடி விட்டுவிட்டுக் கடதாசி எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். மௌத்தானவளுக்குக் கடிதம் எழுதுகிறாளாம் என்று மகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள். சிரிக்கட்டும். உயிரோடு இருப்பவர்களுக்கு எழுதி நான் என்ன கண்டேன்?

உன்னை அடக்கிய அன்று வந்த பெண்கள் எல்லோரும் ஒரே பாட்டைத்தான் பாடினார்கள். "குனிஞ்ச தல நிமிராத மனிசி." நான் முந்தானையை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டேன். அழுகையை அடக்குகிறேன் என்று நினைத்து ஒருத்தி என் முதுகைத் தடவிவிட்டாள். அடக்கியது சிரிப்பை. குனிந்த தலைக்குக் கீழே நீ என்ன வைத்துக்கொண்டிருந்தாய் என்று அவளுக்கு எங்கே தெரியும்?

கல்லோயா அணை வேலைக்கு வந்திருந்த வெள்ளைக்காரத் துரை ஒருவர் நாட்டை விட்டுப் போகும்போது விற்ற சாமான்களோடு அந்தக் கெமரா உன் வீட்டுக்கு வந்தது. உன்னைக் கட்டிய மாப்பிள்ளை, மருதமுனைத் தறியில் நெய்த சாரங்களைக் கொழும்புக்குக் கொண்டுபோய் விற்கிறவர். கண்ணில் பட்டதையெல்லாம் வாங்கிவிட வேண்டும் அவருக்கு. கறுப்புப் பெட்டி, அதன் முகத்தில் மேலும் கீழுமாக இரண்டு கண்கள். மேல்கண் பார்க்கும், கீழ்க்கண் படம் பிடிக்கும். உச்சி மூடியைத் திறந்து, பெட்டியை வயிற்றோடு அணைத்து, குனிந்து பார்க்க வேண்டும். உள்ளே பனி படிந்ததுபோன்ற கண்ணாடியில் எதிரே இருப்பது இடம் வலம் மாறித் தெரியும். உன் மாப்பிள்ளை அதைத் தூக்கிக்கொண்டு ஒருநாள் கல்முனைச் சந்திக்குப் போனார். கண்டவன் எல்லாம் "என்ன காக்கா, வயித்துக்குத்தா?" என்று கேட்டிருக்கிறான். "ஆம்புளைக்குக் குனிஞ்சு பாக்கிற சாமான் சரிவராது" என்று அலுமாரியின் மேல் ஏற்றிவைத்தவர் பிறகு அதைத் தொடவே இல்லை.

நீ இறக்கினாய். முற்றத்து வெயிலில் அந்தக் கண்ணாடியில் ஒன்றும் தெரியவில்லை. மேலே வெளிச்சம் விழாமல் மறைக்க வேண்டும். துரைமார் என்ன செய்தார்களோ, நீ முக்காட்டை முன்னால் இழுத்துப் பெட்டியையும் உன்னையும் சேர்த்து மூடினாய். பிறகு துணிக்குள்ளிருந்து உன் குரல் வந்தது.

"புள்ள, இது நமக்கெண்டே செஞ்ச சாமான். குனியச் செல்லுது, மூடச் செல்லுது. நம்மள விட இந்த வேலைக்குப் பழகின ஆக்கள் உலகத்தில ஆர் இரிக்கா?"

உனக்கு முற்றமும் வேலியும்தான் உலகம். எதிரே கிடைத்ததை எடுத்தாய். முருங்கைப் பூ, பக்கத்து வீட்டுத் தறியில் இழுத்துக் கட்டிய நூல், கடற்கரையிலிருந்து வேலிக்குள் ஓடிவந்த கட்டைவிரல் அளவு நண்டு. ஆனால் அந்தக் கெமராவுக்குக் கிட்டப்பார்வை கிடையாது. கைக்கெட்டாத தூரத்தில் இருந்தால்தான் தெளிவு. நெருங்கினால் எல்லாம் கலங்கிவிடும். உனக்கோ நெருங்கியே ஆக வேண்டும். "ஊர் நம்மளத் தூர நிண்டுதான் பாக்குது. நாமளாவது ஒண்டக் கிட்டப் போய்ப் பாப்பம்" என்றாய். காதுக்கம்பி முறிந்ததென்று உன் வாப்பா எறிந்த மூக்குக்கண்ணாடியிலிருந்து ஒரு வில்லையைக் கழற்றி மேல்கண்ணின் முன்னால் பிடித்தாய். கலங்கியது தெளிந்தது. அதே வில்லையைக் கீழ்க்கண்ணுக்கு மாற்றிப் படம் எடுத்தாய்.

முதலில் எடுத்த நண்டுக்குக் கண்கள் இல்லை. காலும் கொடுக்கும் இருந்தன, மேற்பாதி வெட்டுப்பட்டுப் போயிருந்தது. யோசித்து யோசித்து நீயே பிடித்தாய்: தூரத்தில் இரண்டு கண்ணும் ஒன்றையே பார்க்கும், கிட்டே வந்தால் மேல்கண் பார்ப்பது வேறு, கீழ்க்கண் பிடிப்பது வேறு. தறி செய்பவரிடம் மூன்று விரல் தடிப்பில் ஒரு பலகைத் துண்டு வெட்டுவித்தாய். மேல்கண்ணால் பார்த்து முடித்ததும் பெட்டிக்குக் கீழே அந்தத் துண்டைத் தள்ளிவிட்டால், மேல்கண் இருந்த இடத்துக்குக் கீழ்க்கண் ஏறி வந்துவிடும். அடுத்த நண்டு இரண்டு கண்ணாலும் நம்மை முறைத்தது. அதைப் பிடித்திருந்த உன் கட்டைவிரலும், அதிலிருந்த மருதாணியும் அந்தப் படத்தில் விழுந்திருந்தன.

கழுவுவதையும் நீயே செய்தாய். உன் மாப்பிள்ளை கொழும்பிலிருந்து கொண்டுவந்த மருந்துப் பொட்டலத்தில் ஒரு தாள் இருந்தது, முழுதும் ஆங்கிலம். நான் அகராதியை மடியில் வைத்துக்கொண்டு வரி வரியாகச் சொன்னேன். நடுவில் அசெட்டிக் அமிலம் என்று ஒன்று வந்தது. அது என்ன கர்மமோ என்று தேடிப் பார்த்து அர்த்தம் சொன்னதும், "அட, நம்மட வினாகிரி!" என்று எழுந்து குசினிக்கு ஓடினாய். அன்றைக்குத்தான் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாய்: "நீ வாசிக்காட்டி நான் குருடி புள்ள. நீ இன்னம் படிக்கணும்." உன்னைப் போல என்னைப் படிக்கச் சொன்னவர்கள் அந்த ஊரில் வேறு யாரும் இல்லை.

வீட்டில் எல்லோருக்கும் அது விளையாட்டு. "நண்டத்தானே எடுக்காள், எடுக்கட்டும்" என்பார் உன் வாப்பா.

அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் உம்மாவின் காக்கா, கூடப்பிறந்த மூத்தவர், எனக்கு மாமா, எங்கள் தாய்வழிக் குடிக்குப் பள்ளிவாசலில் நியாயம் சொல்கிற மரைக்கார். என் வாப்பா மௌத்தான பிறகு எங்கள் வீட்டில் எதுவும் அவர் சொல்படிதான். எனக்குக் கொடுக்கவென்று உம்மா ஒரு வீடு கட்டிக்கொண்டிருந்தார். எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு இல்லாவிட்டால் மாப்பிள்ளை படி ஏறமாட்டான். அந்த வீட்டுக்கு மரம் இறக்கிக் கொடுத்தவரும் மாமாதான். கெட்ட மனிதர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் எதிர்த்துக் கதைப்பது எவ்வளவு லேசாக இருந்திருக்கும்!

எஸ்.எஸ்.சி. பாஸாகி, ஆசிரியர் பயிற்சிக் கலாசாலைக்கு விண்ணப்பம் போட நின்றேன். விண்ணப்பத்தோடு முகம் தெளிவாகத் தெரியும் படம் ஒன்று வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். படம் இல்லாவிட்டால் விண்ணப்பம் இல்லை. விண்ணப்பம் இல்லாவிட்டால் புது வீட்டில் விளக்கேற்றி, ஒருவனுக்குச் சோறாக்கி, அகராதியைப் பெட்டியின் அடியில் போட வேண்டியதுதான். ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து மாமா எங்கள் வீட்டுக்கு வந்தபோது உம்மா பயந்து பயந்து விஷயத்தை எடுத்தார். நீயும் இருந்தாய். பக்கத்து வீட்டு மாமி மா இடிக்க வந்திருந்தார்.

"படமா? குமர்ப் புள்ளட படமா?"

"கந்தோரில கேக்காங்களாம் காக்கா."

"தேவைக்கு எடுக்கலாமெண்டு ஆலிம்சாவே செல்லிட்டார் வாப்பா" என்றாய் நீ. ஆலிம்சாவின் பெண்சாதியிடம் சொல்லிவைத்து நீ முன்னமே கேட்டு வாங்கி வைத்திருந்த பதில் அது.

"மார்க்கம் எனக்கும் தெரியும். நான் குடிட மானத்தக் கதைக்கிறன். கல்முனைப் படக்கடைக்காரன் குமருட தாடையப் புடிச்சு நிமித்துவான். மறுகா கழுவுவான். மறுகா கண்ணாடிப் பெட்டிக்குள்ள தொங்க வெப்பான். சந்தியால போறவன் வாறவனெல்லாம் நிண்டு பாப்பான்." மாமா எழுந்து சால்வையை உதறினார். அவருக்குச் சிரிப்பும் வந்துவிட்டது. "அந்நிய ஆம்புளட கண்ணும் கையும் படாம ஒரு படம் எடுங்க, கழுவுங்க பாப்பம். நானே தபால் கந்தோருக்குக் கொண்டுபோய்ப் போடுறன். ஏலாட்டி இந்தக் கதைய இத்தோட உட்டுட்டு வீட்டு வேலையப் பாக்கணும்."

"சரி வாப்பா" என்றாய் நீ, குனிந்த தலையோடு. "மாமியும் கேட்டுக்கிட்டுத்தான் இரிக்காங்க."

மாமி உலக்கையைப் பிடித்தபடி தலையாட்டினார். மரைக்கார் சாட்சி வைத்துச் சொன்ன சொல். இனி அவரே நினைத்தாலும் விழுங்க முடியாது.

வெளியே வந்ததும் நீ சொன்னது நல்ல செய்தியாக இல்லை. கெமராவுக்குள் இருந்த பிலிமில் மிச்சம் இரண்டே இரண்டு படம். உன் மாப்பிள்ளை கொழும்பில். அவர் புது பிலிமோடு திரும்புவதற்குள் கடைசி நாள் போய்விடும். நம்மிடம் படத்தைப் பெரிதாக்கும் கருவியும் இல்லை. பிலிமைக் கடதாசியோடு ஒட்டி வைத்து வெளிச்சம் காட்டுவதுதான் நம் அச்சு; பிலிமில் முகம் எவ்வளவோ கடதாசியிலும் அவ்வளவே. தூர நின்று எடுத்தால் முகம் புளியங்கொட்டை அளவுதான் வரும். ஆகவே நண்டை எடுத்ததைப் போலவே என்னையும் எடுக்க வேண்டும், வில்லை வைத்து, பலகை தள்ளி.

மறுநாள் உன் வீட்டுப் பின்வளவில், மாமர நிழலில், உரலைக் கவிழ்த்து அதன்மேல் கெமராவை வைத்தாய். நான் எதிரே பாயில், ஒரு முழத்துக்குள். அவ்வளவு கிட்டே எடுப்பதற்குக் கீழ்க்கண்ணின் துவாரத்தைக் குறுக்க வேண்டும், குறுக்கினால் அதிக நேரம் திறந்து வைக்க வேண்டும். எவ்வளவு நேரம் என்பதற்கு உன்னிடம் ஒரு கணக்கு இருந்தது. பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம் என்று ஒவ்வொரு எழுத்தாக நீட்டி ஒரு தடவை ஓதி முடிக்கும் நேரம். அதற்குள் நான் இமைக்கவும் கூடாது. பார்த்தாய், வில்லையை மாற்றினாய், பலகையைத் தள்ளினாய், விசையை அழுத்தி ஓதத் தொடங்கினாய்.

வேலிப் படலையில் ஒருவர் இருமினார்.

நம் ஊர் ஆண்கள் வீட்டுக்குள் வருமுன் படலையில் நின்று இருமுவார்கள், உள்ளே இருக்கும் பெண்கள் முக்காட்டை இழுத்துக்கொள்ள. இதை எனக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. நடக்கப் பழகியபோது இதுவும் பழகியிருக்கிறது. என் கை என்னைக் கேட்காமலே முக்காட்டை மூக்கு வரை இழுத்துவிட்டது. என்னைச் சொல்வானேன், உன் கையும் அதைத்தானே செய்தது! நீ இழுத்த வேகத்தில் உன் முக்காட்டு நுனி கீழ்க்கண்ணின் மேல் விழுந்து அதையும் மூடிவிட்டது. வந்தவர் சாய்ந்தமருதிலிருந்து மீன் கொண்டுவருகிறவர். "சூடை இரிக்கி, எடுக்கிறயளா?" என்று கேட்டுவிட்டு அவர் போய்விட்டார். எடுப்பவளும் மூடி, இருப்பவளும் மூடி, கெமராவும் மூடி! வயிறு வலிக்கச் சிரித்தோம். சிரித்துக்கொண்டே நான் அழ ஆரம்பித்துவிட்டேன். மிச்சம் ஒன்றுதான்.

நீ சிரிப்பை நிறுத்தினாய். உன் முகம் அப்படி மாறி நான் பார்த்ததில்லை.

"அழாத. கண் வீங்கினா படம் வீங்கும். கேளு, இருமுறது அவங்கட தொண்ட. கை நம்மட கை. இனி ஆர் இருமினாலும் நீயும் மூடாத, நானும் மூடமாட்டன்."

இரண்டாம் தடவை நீ அவசரப்படவில்லை. எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்தாய். விசையை அழுத்தி நீ "பிஸ்மி" என்று எடுக்கவும் படலையில் மறுபடி இருமல். அந்த இருமலை மருதமுனை முழுக்க அறியும். மாமா. பெண்களின் விளையாட்டு எந்த மட்டில் என்று பார்க்க வந்திருக்கிறார். அவர் எனக்கு மறைக்க வேண்டிய உறவு இல்லை. ஆனாலும் மரியாதைக்கு இழுக்காமல் அவர் முன்னால் ஒருநாளும் இருந்ததில்லை. மடியில் கிடந்த என் கை எழும்பப் பார்த்தது. மற்றக் கையால் அதைப் பிடித்துக்கொண்டேன். அவர் இரண்டாம் தரம் இருமினார். மூன்றாம் தரம் இருமியதில் அதட்டல் இருந்தது. செருப்புச் சத்தம் வளவுக்குள் வந்தது. நீ திரும்பவே இல்லை; ஓதுவதை மட்டும் கொஞ்சம் உரக்க ஓதினாய். எனக்கு முதலில் பயம்தான் வந்தது. அதற்குப் பிறகு கோபம் வந்தது. அல்ஹம்துலில்லாஹ், சரியான நேரத்துக்கு வந்தது. என் வாழ்க்கை ஒரு பிஸ்மிக்குள் இருக்கிறது, அதற்குள் எத்தனை இருமல்! அந்தக் கறுப்புப் பெட்டியின் கீழ்க்கண்ணை நான் முறைத்துக்கொண்டே இருந்தேன்.

நீ விரலை எடுத்தாய். "முடிஞ்சுது" என்றாய். அதற்குப் பிறகுதான் இரண்டு பேரும் முக்காட்டை இழுத்துக்கொண்டு அவருக்கு ஸலாம் சொன்னோம்.

அன்று பகலே நெல் அறையில் பாய் கட்டிக் கழுவினோம். மறுநாள் சிவப்புக் கடதாசி சுற்றிய விளக்கை வைத்து அச்சுப் போட்டோம். கடதாசி மருந்துக்குள் கிடந்தது, முதலில் புருவம் வந்தது, பிறகு கண். உன் நகம் என் கைக்குள் இறங்கியதை நீ அறியவில்லை. என் முகத்தை அவ்வளவு கிட்டே நானே அதுவரை பார்த்ததில்லை.

மாமா அதைக் கையில் வாங்கித் தூரப் பிடித்தார், கிட்டப் பிடித்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"என்ன இவள் இந்த முறை முறைக்காள்?"

"நீங்க இருமினீங்க, அதான்" என்றாய்.

உம்மா "அல்லாஹ்வே" என்று கதவுக்குப் பின்னால் போய்விட்டார். மாமா வேறு வழி தேடினார். "சரி, நீங்களே எடுத்தீங்க, நீங்களே கழுவினீங்க. கந்தோரில இரிக்கிறவன் ஆம்புளதானே? அவன் பாப்பானே!"

"பாக்கட்டும் வாப்பா. நாளைக்கு இவள் பள்ளிக்கூடத்தில அதிபருக்கு முன்னாலயும் வித்தியாதிகாரிக்கு முன்னாலயும் நிண்டு கதைக்கப் போறவள். ஒரு கந்தோர்க்காரன் படத்தப் பாத்தா தேஞ்சா போவாள்?" பிறகு குரலைத் தணித்துக்கொண்டு சொன்னாய். "உங்கட பழைய கண்ணாடி வில்லையாலதான் எடுத்தன். இவளப் பாத்தது உங்கட கண்ணாடி. அந்நியக் கண் ஒண்டும் படல்ல."

மாமா கண்ணாடியைக் கழற்றி மடித்தார். சால்வையைத் தோளில் போட்டுக்கொண்டு கடித உறையைக் கேட்டார். தபால் கந்தோருக்கு அவரே நடந்து போனார். சொன்ன சொல்லைக் காப்பாற்றிய மனிதர், அதில் குறை சொல்ல மாட்டேன். வீட்டுக்கு இறக்கிய மரத்தையும் திருப்பி எடுக்கவில்லை.

நேர்முகப் பரீட்சையில் நடுவில் இருந்த அம்மையார் படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "யார்மேல் இவ்வளவு கோபம்?" என்று கேட்டார். "மாமாமேல்" என்று சொல்லிவிட்டேன். அவர் சிரித்தார். இடம் கிடைத்தது. நீ உன் வீட்டில் பாற்சோறு ஆக்கி ஊருக்கே கொடுத்தாயாம். மாமாவுக்கு முதல் கோப்பை.

அதன் பிறகு எத்தனை பள்ளிக்கூடம், எத்தனை கந்தோர்! நற்பிட்டிமுனையிலும் நாவிதன்வெளியிலும் படிப்பித்தேன். பெரிய பெண் பிள்ளைகளுக்கு மேல்வகுப்பு எதற்கு என்று மேசைக்கு அந்தப்பக்கம் இருந்து கேட்டவர்களுக்கு முன்னால் நான் அழுததில்லை, கெஞ்சியதும் இல்லை. நீ எடுத்த முகத்தைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். பாதிப் பேர் அதிலேயே கையெழுத்து வைத்துவிடுவார்கள். மற்றப் பாதிப் பேருக்கு வாயும் தேவைப்பட்டது. அதுவும் எனக்கு இருந்தது, நீ அறிவாய்.

இனி இன்றைய கதை. முந்தாநாள் உன் மகன் வந்தான். நல்ல பிள்ளை, தொழுகை தவறாதவன், உன்னைக் கடைசிவரை கைத்தாங்கலாகப் பார்த்தவன். தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு சொன்னான்: "மாமி, உம்மா எடுத்த படமெல்லாம் உங்களிட்டத்தான் இரிக்காம். தாங்க, எரிச்சுப் போடுவம். உசிருள்ளதப் படம் எடுத்தது உம்மாக்குக் கபுறுக் குழியில பாரமா இரிக்குமெண்டு செல்றாங்க."

"ஆர் செல்ற?"

"எல்லாரும்தான்."

"மகன், உன்ட உம்மா நண்ட எடுத்தா, பூவ எடுத்தா, நூல எடுத்தா. அல்லாஹ் படைச்சதக் கிட்டப் போய்ப் பாத்தா. எடுக்கக்குள்ள பிஸ்மி செல்லித்தான் எடுத்தா. இதுல பாரம் எங்க இரிக்கி?"

"உங்கட முகமும் அதுக்குள்ள இரிக்காமே மாமி."

"ஓம், இரிக்கி. அந்த முகத்தால உழைச்ச சம்பளத்திலதான் உனக்கு முதல் சிலேட்டு வாங்கித் தந்தன்."

அவன் அழுதுவிட்டான். உனக்காகப் பயப்படுகிறான், பாவம். வெள்ளிக்கிழமை பெரியவர்கள் இரண்டு பேரோடு வருவதாகச் சொல்லிவிட்டுப் போனான்.

அவன் போன பிறகு அலுமாரிக்குள் இருந்த படப் பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். எல்லாம் இருக்கிறது, மச்சி, நீ மட்டும் இல்லை. ஊர்ப் பூச்சி புழுவுக்கெல்லாம் முகம் கொடுத்தவளுக்கு ஒரு முகம் இல்லை. நண்டைப் பிடித்த அந்தக் கட்டைவிரல் ஒன்றுதான் மிச்சம். எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வருகிறது. உன் முகம் இல்லாமல் போனது போதும். நீ பார்த்ததும் இல்லாமல் போக நான் விடமாட்டேன்.

நாளைக்கு வெள்ளிக்கிழமை. இத்தனை வருசமும் அலுமாரிக்குள் இருந்ததையெல்லாம் இன்று மகளைக் கொண்டு முன் அறைச் சுவரில் ஆணியடித்து மாட்டுவித்திருக்கிறேன், நண்டிலிருந்து என் முகம் வரை, வாசலால் வருகிறவர்களின் கண்ணுக்கு நேரே. வரட்டும். என் வீடு, உம்மா எனக்குக் கட்டித் தந்த வீடு. உட்காரச் சொல்லி, தேத்தண்ணி கொடுப்பேன். படம் கொடுக்கமாட்டேன்.